மாமனார் வீட்டு டிவியும் என் கம்ப்யூட்டரும்

ஜூன் 8

விடிந்ததிலிருந்து காற்று. கணவாய்க்குள் நுழைந்து நேராக இந்த வீட்டு ஜன்னலுக்கு வருகிற காற்று. மழை பாலக்காடு டவுனோடு நின்றுவிட்டதாம். இங்கே வேலந்தாவளத்துக்குப் புழுதி மட்டும்.

இன்றைய வேலை: ஹால் டிவியில் கம்ப்யூட்டர் மாட்டுவது.

டிவி, சகலை செந்திலின் உபயம். என் மனைவி கவிதாவின் தங்கை புருஷன். பொள்ளாச்சியில் நார் மில். மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கதவு அகலத்தில் ஒரு டிவி. ஆள் வைத்துச் சுவரில் மாட்டினார். சாப்பிட்டார். காரில் ஏறும்போது ஒரு யோசனை சொன்னார். "இதுல ஒரு கம்ப்யூட்டரச் சேத்து மாட்டுனா எல்லாமே பாக்கலாமுங்க மாமா. அண்ணன்தான் ஊட்டுலயே இருக்கறாரே, பண்ணிக் குடுத்துருவாரு."

ஊட்டுலயே இருக்கறாரே.

மாமனார் உடனே என் பக்கம் திரும்பி, "ஏனுங் மாப்ள, உங்ககிட்ட ஒரு பொட்டி இருக்குதல்லங்க?"

இருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த ஒரே உருப்படியான சாமான். லேப்டாப் கம்பெனியோடது, வேலையை விட்டு அனுப்பிய அன்றே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இது என் சொந்தக் கம்ப்யூட்டர் பெட்டி, கையகலம். ஆனால் ஸ்கிரீன் கிடையாது, வீடு காலி செய்யும்போது விற்றாயிற்று. டிவியில் மாட்டினால் எனக்கும் வேலை தேட ஒரு ஸ்கிரீன் ஆச்சு. சரி என்றேன்.

தீபாவளிக்கு வேலை போனது இந்த வீட்டில் கவிதாவுக்கு மட்டும் தெரியும். அவளுக்கு இங்கே பஞ்சாயத்து ஆபீஸில் வேலை கிடைத்தது, அதனால் வந்தோம், நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்பது ஊருக்குச் சொன்ன கதை. மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலை. லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருக்கிறது. தீபாவளியிலிருந்து.

ஜூன் 9

காற்று குறையவில்லை. இரண்டு தரம் கரண்ட் போய் வந்தது.

தொல்லைகள்:
படம் வருது, சத்தம் வரல. (சத்தம் கம்ப்யூட்டரிலேயே நின்றுவிட்டது. டிவிக்குத் திருப்பிவிட்டேன்.)
நாலு ஓரமும் வெட்டுப்பட்டு நின்றது. டிவி செட்டிங்கில் எங்கேயோ ஒளிந்திருந்தது, கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.
எழுத்து.

எழுத்தைப் பார்த்து அத்தை, கவிதாவின் அம்மா, சோபாவிலிருந்து, "என்னங்க மாப்ள, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது" என்றார். இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். அதுவும் போதாது. பெட்டியைப் போட்டதும் நேராகப் பெரிய பெரிய படக்கட்டங்கள் மட்டும் வருகிற மாதிரி ஒரு மென்பொருள் போட்டேன். பாட்டு, படம், சீரியல், மாடு. மாடு என்பது மாமனாருக்கு. ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தய வீடியோக்கள்.

அத்தை தானே கீபோர்டை மடியில் வைத்துத் தடவி ஒரு பக்திப் பாட்டு போட்டுவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சந்தோஷம். நான் செய்த ஒன்று வேலை செய்து ரொம்ப நாளாயிற்று.

ஜூன் 11

"மாப்ள, படம் நிக்குது."
"மாப்ள, என்னமோ இங்கிலீஸ்ல கேக்குதுங்க, ஆமாம்னு சொல்லட்டுங்களா?"
"மாப்ள, சித்தே கீழ வாங்க."

சாப்பாட்டில் கை வைத்தால் ஒரு தரம். குளிக்கப் போனால் ஒரு தரம். ஆனால் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஒவ்வொரு ஏவலுக்கும் பின்னால் ஒரு 'ங்க'.

சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ரேக்ளா பார்க்க வந்திருந்தார்கள். ஹால் நிறையச் சத்தம், பீடி வாசம். மாமனார் பெருமையாக, "இதெல்லாம் எங்க மாப்ள பண்ணுனதுங்க." நான் நிமிர்வதற்குள், "டிவி சின்ன மாப்ள வாங்கிக் குடுத்தது."

எல்லோரும் டிவியைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூன் 13

மெயில்! சென்னைக் கம்பெனி. 16ஆம் தேதி பதினொரு மணிக்கு இன்டர்வியூ. ஸ்கிரீனில் எழுதிக் காட்டச் சொல்வார்கள், போனில் முடியாது. கேமரா வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்று தடித்த எழுத்தில்.

ஆக, ஹாலில்தான். டிவியின் மேல் கேமரா, டிவிக்கு முன்னால் ஸ்டூல், ஸ்டூலில் நான்.

கவிதாவிடம் சொன்னேன். ஆபீஸிலிருந்து களைத்து வந்தவள் முகம் தெளிந்தது. "அன்னிக்கு அப்பா மாடு பாக்கப் போறாரு. அம்மாவ நான் சித்தி ஊட்டுக்கு அனுப்பிடறேன். நீங்க அதப்பத்தி நெனைக்காதீங்க. நல்லா படிச்சுக்கங்க." பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்வதுபோல. ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

சட்டை: நீலம். இஸ்திரி போடணும். கேமராவுக்கு டேப்.

ஜூன் 16

எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

முதல் அரை மணி நன்றாகப் போனது. ஒரு அம்மையார், ஒரு இளவட்டம். டிவியில் இரண்டு பேர் முகமும் நெல்லுக் குதிர் மாதிரி பெரிசு. குரல் வீடு முழுக்க. கேட்டதற்கெல்லாம் பதில். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். சொந்தமாக ஒரு கம்பெனிக்கு ப்ராஜக்ட் செய்து தருகிறேன் என்றேன். எல்லோரும் சொல்கிற பொய்தான். அந்த அம்மையார் தலையாட்டினார். ஒரு கணக்கு கொடுத்து எழுதச் சொன்னார்கள். பாதி எழுதியாயிற்று.

"சார், உங்க பின்னாடி யாரோ நிக்கிறாங்களே?"

திரும்பினால் மாமனார். தோளில் துண்டு. பக்கத்தில் மாட்டுத் தரகர் பழனிசாமி. பார்க்கப்போன மாடு நேற்றே விலையாகிவிட்டதாம், பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள்.

"ரூம்ல வேற யாரும் இருக்கக்கூடாதுன்னு மெயில்ல சொல்லியிருந்தோமே."

"ஒரு நிமிஷம் மேடம், இவர் என் மாமனார், இப்பப் போயிடுவார்..." மாமனாரைப் பார்த்துக் கையைக் காட்டினேன். அவர் அதை அறிமுகம் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு அடி முன்னால் வந்து டிவியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வணக்கமுங்க அம்மிணி. நல்ல பையனுங்க. தீவாளியிலிருந்து வேலயில்லாம ஊட்டுலயேதான் கெடக்கறாரு. மனசு ஒடஞ்சு போயிருக்கறாரு. எப்பிடியாச்சும் ஒரு வேலயப் போட்டுக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க."

இளவட்டம் குனிந்து என்னவோ எழுதியது. அந்த அம்மையார் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பாவம் என்கிற சிரிப்பு. அந்த அளவு டிவியில் அதைப் பார்க்கக்கூடாது. "சரிங்க சார். நாங்க தகவல் சொல்றோம்."

அவர்கள் போனதும் ஸ்கிரீன் முழுக்க என் மூஞ்சி. நீலச் சட்டை. பின்னால் இரண்டு துண்டு.

பழனிசாமி: "ஏனுங்க, அந்த அம்மிணிக்கு நாம தெரிவமுங்களா?"

மாமனார் என் தோளைத் தட்டி, "நானும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கறனுங்க மாப்ள. கெடைச்சிரும்" என்றார். முகத்தில் உதவி செய்துவிட்ட திருப்தி. திட்டவும் வழியில்லை.

தீவாளியிலிருந்து என்றார். மாதம்கூடப் பிசகாமல் சொன்னார்.

ஜூன் 17

மெயில் வந்துவிட்டது. இரண்டு வரி, வேலை இல்லை என்று. வாழ்த்துகளோடு.

கவிதாவிடம் கேட்டேன், எப்போது சொன்னாய் என்று.

"பொங்கலுக்கே. அப்பா கேட்டாரு, சொன்னேன். எத்தன நாளைக்குங்க மறைக்கறது?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா இங்க இருந்திருப்பீங்களா?"

அவள் நிறுத்தவில்லை. புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள். "நீங்க மேல கதவச் சாத்திட்டா, அம்மா கீழ மிக்ஸி போடமாட்டாங்க, தெரியுமா? அம்மியிலதான் அரைப்பாங்க. நீங்க மீட்டிங்ல இருக்கறீங்கன்னு நாங்க நம்பறோமுன்னு நீங்க நெனைக்கோணுமாம்."

பொங்கலிலிருந்து. "வேலை எப்பிடிங்க போகுது மாப்ள" என்று மாமனார் கேட்பார், நான் அமெரிக்கக் கிளையன்ட் தொல்லை என்று அலுத்துக்கொள்வேன், "அக்கட்டச் சனங்களே அப்பிடித்தானுங்க" என்று அவரும் அலுத்துக்கொள்வார். ஒரு தரம் அமெரிக்காவில் இப்போது மணி என்ன என்றுகூடக் கேட்டார். கடிகாரம் பார்த்துச் சொன்னேன்.

கோபித்துக்கொள்ள யாரும் கிடைக்கவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

ஜூன் 18

தூறல். துணி காயவில்லை.

செந்தில் போன். செய்தி பொள்ளாச்சி போயாச்சு. "அண்ணா, நம்ம மில்லுல லோடு ஏத்தறதப் பாத்துக்க நம்பிக்கையான ஆள் இல்லீங்க. நீங்க வந்தா எனக்குத் தெம்பு. சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு இது தேவலையில்லீங்களா." கவிதா பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் கேட்கச் சொல்லியிருக்கிறாள்.

யோசிக்கிறேன் என்றேன். வைத்ததும் பெங்களூரில் ரவிக்கு அடித்தேன். கூட வேலை பார்த்தவன். அவனுக்கும் வேலை போய், இப்போது வேறு எங்கேயோ சின்னதாகக் கிடைத்திருக்கிறது. அறையில் ஒரு பாய் போட இடம் இருக்காம். வா என்றான். ஏன் என்று கேட்கவில்லை, நல்லவன்.

கவிதா: "போய் என்ன பண்ணுவீங்க?"
"தேடுவேன்."
"இங்கிருந்தே தேடலாமல்லங்க."
"எங்கே, ஹால்லயா?"

அழுவாள் என்று நினைத்தேன். கொட்டாவி விட்டாள். பாவம், இரண்டு பேர் பாட்டையும் தனியாகப் படுகிறாள். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 20

காலை கிளம்பல். பை ஒன்று, இட்லி பொட்டலம் (அத்தை). ஆபீஸுக்கு நேரமாச்சு என்று கவிதா முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். வாசலில் நின்று "சாப்புட்டுப் போங்க" என்றாள். அவ்வளவே.

பெட்டியைக் கழற்ற ஹாலுக்குப் போனேன். அத்தை பாட்டுப் போட்டிருந்தார். பாட்டு முடியட்டும் என்று நின்றேன். முடிந்ததும் அடுத்தது தானாக ஆரம்பித்தது. நான்தான் அப்படி அமைத்துக் கொடுத்திருந்தேன். பாதியில் நிறுத்தினேன்.

மாமனார் தாழ்வாரத்திலிருந்து வந்தார். "மாப்ள, அந்தப் பொட்டி இங்கயே இருக்கட்டுங்களே. அத்தைக்குப் பொழுது போகோணுமல்லங்க. வேலை கெடச்சா கம்பெனிலயே ஒண்ணு குடுத்துருவாங்க."

"இது என்னோடதுங்க மாமா."

சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரிந்தது. இந்த வீட்டில் நான் சத்தம் போட்டதே இல்லை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உங்களுது எங்களுதுன்னு பிரிக்கற அளவுக்கு வந்துருச்சுங்களா" என்றார். 'ங்க' மட்டும் குறையவில்லை. அத்தை கீபோர்டை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார். நான் வாங்கிப் பையில் வைத்தேன். அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில். செக்போஸ்ட் தாண்டியாச்சு. மடியில் பெட்டி. ஜன்னல் சீட், மூடினாலும் புழுதி.

போனில் கவிதாவின் மெசேஜ். திறப்பதற்கு முன் என்னென்னவோ நினைத்தேன். திரும்பி வாங்க என்று இருந்தால் இறங்கியிருப்பேன், அது நிச்சயம்.

'அம்மா கேக்கறாங்க, பழைய டிஷ் வயர டிவில எந்த ஓட்டைல சொருகறது?'

'இடது பக்கம், மேலிருந்து ரெண்டாவது' என்று அனுப்பினேன்.

'சரி.'