கேட்காமல் வெட்டிய முடி

28 ஆகஸ்ட் 2025, வியாழன்

ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோன மார்கழியில்தான் பாண்டியம்மாள் விழுந்தாள். எங்கள் கரிசலில் உளுந்து அழுகிக் கிடந்த வாரம். வலது பக்கமும் பேச்சும் போயின. அதற்குப் பிறகு இரண்டு ஆடி கழிந்துவிட்டது. என் பெண்சாதி என்ன சாப்பிடுகிறாள், எப்போது புரட்டிப் படுக்கவைத்தோம் என்று தினம் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறது நர்ஸ் அஞ்சலின். நான் கைநாட்டு. சொல்லச் சொல்ல மருமகள் தீபலட்சுமி எழுதுகிறாள். மற்றதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வியாழன்தோறும் அஞ்சலின் கடம்பூரிலிருந்து ஸ்கூட்டியில் வரும். இன்று பிடரிப் புண்ணில் சீழைப் பார்த்துவிட்டு, முடியை ஒட்ட வெட்டினால்தான் ஆறும் என்றது.

"ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க தாத்தா."

"அவளுக்கு என்ன தெரியப் போவுது? நான் சொல்லுதேன், வெட்டும்மா."

வெட்டியது. முகம் சுளிக்காமல் சீழைத் துடைத்து மருந்து வைத்தது. பெற்ற பிள்ளை செய்யுமா இப்படி?

29, வெள்ளி

காலையிலிருந்து கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை.

31, ஞாயிறு

மூன்றாம் நாள். ஈரத்துணியால் உதட்டை நனைப்பதோடு சரி. சர்ச்சில் பூசை முடிந்த கையோடு அஞ்சலின் வந்தது. தொண்டையில் கோளாறு எதுவும் இல்லையாம். நாளைக்கும் இப்படியே என்றால் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும், நான் கைநாட்டு வைக்க வேண்டும். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க இடது கையைக் கட்டிவைப்பார்களாம். அவளுக்கு இருக்கிறதே அந்த ஒரு கைதான்.

"ஆச்சிக்கு வேணுமான்னு கேளுங்க."

"அவளுக்குப் புரியாதேம்மா."

"என்னைக்காவது கேட்டுப் பாத்திருக்கீங்களா தாத்தா?"



சாயங்காலம் அவள் இடது கையை எடுத்து என் கைமேல் வைத்துக்கொண்டேன். குழாய் போடட்டுமா, சரியென்றால் கிள்ளு என்றேன். ஒன்றுமில்லை. வேண்டாமா? கிள்ளினாள். அடுத்ததையும் கேட்டேன்.

"முடிய வெட்டுனதுக்கா இந்தக் கோவம்?"

தோல் உரிய ஒரு கிள்ளு.

கழுகுமலைக்கு நேர்ந்துகொண்டபோதே பூமுடிதான் கொடுத்தவள். மூன்று இடத்தில் கத்தரிபட்டதோடு சரி. சாமிக்கே அவ்வளவுதான். நான் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மொத்தத்தையும் கொடுத்திருக்கிறேன். புண்ணைப் பற்றி எடுத்துச் சொன்னேன். "கேட்டிருக்கணும் பாண்டி. தப்புத்தான்." கரண்டியை நீட்டினேன். வாய் திறந்தாள்.

"அம்பது வருசத்துக் கிள்ளையும் அத்தை சேத்து வச்சிருந்தாக போல" என்கிறாள் மருமகள்.

1 செப்டம்பர், திங்கள்

ஒரு கிண்ணம் கஞ்சி. என் கையெல்லாம் சிவப்பு. நல்லாருக்கு.

4, வியாழன்

புண் காய்ந்து வருகிறது. இன்று அஞ்சலின் அவளைக் கேட்டுவிட்டுத்தான் தொட்டது. அந்தப் பிள்ளை சொல்லியிராவிட்டால் இந்நேரம் இவள் கை கட்டிலோடு கட்டிக் கிடக்கும். மகராசியாக இருக்கட்டும்.

ஆனால், எல்லாம் புரிகிறது என்றால்? போன தையில் அவள் தம்பி திருப்பதி ஓட்டப்பிடாரத்தில் இறந்தான். தாங்கமாட்டாள் என்று நான்தான் மறைக்கச் சொன்னேன். கல்யாண வீட்டுக்குப் போகிறோம் என்று அவளிடம் சொல்லிவிட்டு எரிக்கப் போனோம். வந்து, அவள் தூங்குகிறாள் என்று கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து எரித்த கதையெல்லாம் பேசினோமே — என்ன காரியம் பண்ணிட்டோம்.

இதை எழுத வேண்டாம் என்றாள் தீபலட்சுமி. எழுது என்றேன்.

7, ஞாயிறு

சொல்லிவிட்டேன். "திருப்பதி..." என்று ஆரம்பிக்கும்போதே கிள்ளிவிட்டாள். தெரியும். அன்றைக்கு நாங்கள் கல்யாணச் சாப்பாடு நல்லாருந்தது என்று சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள். நான்தான் அழுதேன். அவள் கையை எடுக்கவில்லை.

கூடப் பிறந்தவர்கள் எல்லாரையும் சொல்லட்டுமா என்று கேட்டேன். மெதுவாகக் கிள்ளினாள். வரிசையாகச் சொன்னேன். மூத்தவர் அய்யாத்துரை, கிணறு வெட்டும்போது. வெயிலம்மாள், சுனாமி வருடம். இரட்டைப் பிள்ளைகள் இரண்டும் பால்குடியிலேயே. சங்கரபாண்டி கொரோனாவில். திருப்பதி, தையில். ஒவ்வொரு பேருக்கும் நிறுத்தினேன், அவள் கிள்ளும்வரை.

"ஏழு பேர்ல ஆறு பேர் போயாச்சு. உசுரோட இருக்கது பாண்டியம்மா" என்றேன். அவள் பேருக்கும் நிறுத்தினேன்; கிள்ளினாள்.