கீழே விழுந்த களிமண்

மார்ச் 4, செவ்வாய்

வீட்டுக்காரர் காலையில் சாப்பிட்டார். மாத்திரையைத் துப்பிவிட்டார். மறுபடி கொடுத்ததும் விழுங்கினார். குளிக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மத்தியானம் நல்ல தூக்கம்.

இப்படித் தினமும் எழுதி வைக்கச் சொன்னது நர்ஸம்மா. டாக்டர் கேட்பாராம். எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். என் ஞாபகத்துக்குக் காகிதம் தேவையில்லை. யார் என்னை எப்போது என்ன சொன்னார்கள் என்று கேட்டால், அன்றைக்கு என்ன நிறத்தில் சட்டை போட்டிருந்தார்கள் என்பது வரைக்கும் சொல்வேன். இந்த வீட்டில் ஒருத்தருக்கு எல்லாம் மறந்துபோகிறது. ஒருத்திக்கு எதுவும் மறக்கமாட்டேன் என்கிறது. இதில் எது பெரிய வியாதி என்று அந்த டாக்டரைக் கேட்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

கார் சாவியை எப்படியோ கண்டுபிடித்து வண்டியை வெளியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெருமுனை வரைக்கும்தான். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நடுத்தெருவில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாராம். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். எதிர்வீட்டுத் தையல்காரர் ஓடிப்போய் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். பக்கத்து இருக்கையில் இவர், விருந்தாளி மாதிரி.

சாயங்காலம் மகன் வந்தான். "வண்டிய வித்துடலாம்மா. யாரையாவது இடிச்சுட்டா நாம என்ன பண்றது?" என்றான். மருந்துக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறாராம். அப்பாவிடம் சொல்லாதே என்றான். சொன்னாலும் அரை மணி நேரத்தில் மறந்துவிடப் போகிறார். அதைக்கூட என்னிடம்தான் ரகசியமாகச் சொல்ல வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

தூக்கமே வரவில்லை. வண்டி போய்விடும் என்ற கவலை இல்லை. எனக்குச் சேர வேண்டிய ஒரு வார்த்தை இருக்கிறது. வண்டியோடு அதுவும் போய்விடும்.

எழுதிவிடுகிறேன். டாக்டர் படித்தால் படிக்கட்டும்.

மகன் கல்யாணத்துக்கு முந்தின வாரம். சம்பந்தி வீட்டார் அன்றைக்கு முதல் தடவையாக வருகிறார்கள். இவர் விடிந்ததிலிருந்து வண்டியோடுதான். சோப்புத் தண்ணீரில் கழுவி, அப்புறம் அந்தக் களிமண் கட்டி. வண்டிக்கென்றே விற்பது. சோப்புத் தண்ணீர் தெளித்து அதை மெதுவாக ஓட்டினால், கழுவினாலும் போகாத தார்ப் பொட்டு, தூசு, எல்லாவற்றையும் பெயிண்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஒரே ஒரு சட்டம்தான் அதற்கு. தரையில் விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். விழுந்ததில் மணல் ஒட்டியிருக்கும், வண்டி முழுக்கக் கோடு போட்டுவிடும். அதை இவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்று கணக்கில்லை.

வாசலில் சம்பந்தியை வரவேற்க இவர் போனார். என் நாத்தனார், இவருடைய அருமைத் தங்கை, மஞ்சள் சேலையில் நின்றுகொண்டு, "நானும் ஒரு கை போடறேன்ணா" என்று களிமண்ணை எடுத்தாள். கீழே போட்டாள். சுற்றும்முற்றும் பார்த்தாள். எடுத்துச் சேலையில் துடைத்தாள். பின்கதவில் தேய்த்தாள். நான் சமையலறை சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் டீத் தட்டோடு வெளியே வருகிறேன், இவர் சம்பந்தியிடம் வண்டியைக் காட்டக் கூட்டிக்கொண்டு வருகிறார். கருநீலத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. யார் தொட்டது என்று கேட்டார். "அண்ணிதான் இங்க நின்னாங்க" என்றாள் நாத்தனார். இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் எந்தக் கையால் தேய்ப்பாள்? அந்தக் கேள்வி அங்கே நின்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் இல்லை என்று சொன்னேன். அதற்கு இவர், அத்தனை பேர் முன்னால், "அஞ்சாங்கிளாஸோட நின்னவளுக்கு இதெல்லாம் எங்க புரியும்" என்றார். சம்பந்தியம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மகனுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான், அதையும் பார்த்தேன்.

நீ இல்லை என்று எனக்குத் தெரியும், தப்பாகச் சொல்லிவிட்டேன். இதுதான் அந்த வார்த்தை. ஒரு வார்த்தை. இத்தனை வருஷம் வரவில்லை. இப்போது அந்த நாளே அவர் தலையிலிருந்து கரைந்துகொண்டிருக்கிறது. முழுக்கப் போய்விட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

நாளைக்கு அவர் கையாலேயே வண்டியைக் கழுவச் சொல்லப் போகிறேன். விற்கிற வண்டி சுத்தமாக இருக்கட்டும் என்று மகனிடம் சொன்னேன். வண்டியும் களிமண்ணும் கையில் இருந்தால் அவருக்கு அந்த நாள் திரும்ப வரலாம். வந்தால் கேட்டுவிடுவேன்.

மார்ச் 8, சனி

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் வண்டியை நிழலுக்குத் தள்ளச் சொன்னதே அவர்தான். சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாத கை. ஒரு வாளியில் சோப்பு, இன்னொன்றில் துணி அலச நல்ல தண்ணீர், எல்லாம் அதுவாகவே எடுத்து வைத்தது. கூரையிலிருந்து ஆரம்பித்துக் கீழே கீழே வந்தார். துடைத்த பிறகு மெல்லிய பிளாஸ்டிக் பையில் கையை விட்டுத் தடவினார். வெறுங்கைக்கு வழவழ என்று இருப்பது, பைக்குள் இருக்கிற கைக்குச் சொரசொர என்று தெரியும். என்னையும் தடவச் சொன்னார். "தெரியுதா? கண்ணுக்குத் தெரியாது. உள்ள ஒட்டிட்டிருக்கும்."

தெரிகிறது என்றேன். எனக்கா தெரியாது?

களிமண்ணைப் பிசைந்து தட்டையாக்கினார். நேராகத்தான் ஓட்ட வேண்டும், வட்டமாகத் தேய்க்கக்கூடாது என்று எனக்கு ஒரு அதட்டல். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அவரைப் பின்கதவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எவ்வளவோ பாலிஷ் போட்டும் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, சாய்த்துப் பார்த்தால் தெரியும். காட்டினேன். இது எப்படி வந்தது, ஞாபகம் இருக்கா, உங்க தங்கச்சி, சம்பந்தி வந்த அன்னிக்கு? எல்லாம் சொன்னேன். குனிந்து பார்த்தார்.

"யார் வண்டி இது? கவனமே இல்லாம வெச்சிருக்கான்."

அவ்வளவுதான். தீர்ந்தது. துணியை வாளியில் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டேன். போங்க, எனக்கென்ன! அடுப்புப் பக்கம் நின்று அழுதேன். எந்த இழவுக்கு அழுகிறேன் என்று எனக்கே புரியவில்லை. அவருக்காகவா, அந்த வார்த்தைக்காகவா?

மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தால், அதே சன்னல். களிமண் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தார். கால்சட்டையில் துடைத்தார். வண்டியின் முன்பக்கம், பானட்டில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அவர்! வீட்டுக்கே சட்டம் சொன்ன மனுஷன்! கத்திக்கொண்டே ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் பானட் நீளத்துக்குக் கோடு.

கையை நிறுத்திவிட்டுக் கோட்டைப் பார்த்தார். விரலால் தடவினார். கையிலிருந்த களிமண்ணைத் திருப்பிப் பார்த்தார், அடியில் மணல். என்னைப் பார்த்தார்.

"நானா?"

எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்துபோன முகம் அது.

"நீங்க இல்ல. நான்தான். கீழ விழுந்தத எடுத்துத் தேச்சுட்டேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்பு வரும் என்று காத்திருந்தேன்.

"சரி, விடு. தெரியாமதானே பண்ணே."

தோளில் தட்டிவிட்டுப் புதுக் கட்டியை எடுக்கப் போய்விட்டார். அப்புறம் வாக்ஸ். மெல்லிசாகப் பூசி, வெளுத்துக் காய்கிற வரைக்கும் பொறுத்திருந்து, மெத்தென்ற துணியால் துடைத்தார். பானட்டில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. நடுவில் அந்தக் கோடு.

செய்யாததைச் செய்யவில்லை என்றேன், நம்பவில்லை. செய்யாததைச் செய்தேன் என்றேன், உடனே நம்பினார்.

மாத்திரை கொடுக்க மறந்துவிட்டேன். நான்தான் மறந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

மருந்துக்கடைக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார். இவ்வளவு பழைய வண்டியில் இப்படி ஒரு பளபளப்பா என்று கேட்டார். பானட்டுக்கு வந்ததும் புருவத்தைத் தூக்கினார். இது என்ன என்று மகன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியில் இருந்தவர் எழுந்துவிட்டார்.

"என் வீட்டுக்காரி தெரியாம பண்ணிட்டா. அவள யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டால் தெரியாது. இது தெரிந்திருக்கிறது. "மறுபடியுமாம்மா?" என்று மகன் சிரித்தான், இந்தத் தடவை அடக்கவில்லை. சிரித்துவிட்டுப் போகட்டும்.

வண்டி போய்விட்டது.

மார்ச் 11, செவ்வாய்

நாத்தனார் போன் பண்ணினாள். மகன் சொல்லியிருக்கிறான். "அண்ணிக்கு இன்னும் அந்தப் பழக்கம் போகலியா?" என்றாள். ஆமாம், போகவில்லை என்று வைத்துவிட்டேன்.

அவரை விட்டுவிட்டேன். இவளை விடுவதாக இல்லை.

மார்ச் 15, சனி

குளிக்கவில்லை. வண்டி எங்கே என்று நாள் முழுக்கக் கேட்டார். சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

மிச்சமிருந்த களிமண்ணை அவரிடம் கொடுத்திருக்கிறேன். அதைப் பிசைந்துகொண்டிருந்தால் அமைதியாக இருக்கிறார். இன்றைக்குக் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விட்டது.

"கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களாம்மா?" என்றார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் என்னை அவர் நீங்க என்று சொன்னது கிடையாது. குனிந்து எடுத்தேன். கொடுக்கப் போனால் வாங்கவில்லை.

"கீழ விழுந்தத வண்டியில வெக்கக்கூடாதுங்க. என் வீட்டுக்காரி ஒரு தடவ தெரியாம தேச்சுட்டா. பாவம் அவ."

"அப்புறம்? திட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"சே, சே" என்றார்.

அலசிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

இரவு நன்றாகச் சாப்பிட்டார். மாத்திரையை விழுங்கினார்.