டவர் ஆட்சேபணையைத் திரும்பப் பெறுதல்

அபிஷேகப்பாக்கம் தணிகைவேல் அவர்களின் மகனும், தற்போது தில்லியில் சட்ட ஆலோசகராகப் பணிபுரிபவனுமான அரிகரன் ஆகிய நான், அப்பாவுக்கு வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். தங்கள் சர்க்கரையும் அம்மாவின் காலும் எப்படி இருக்கின்றன? "லேசா சறுக்கிடுச்சிடா, அதுக்குப் போயி" என்று அம்மா சிரித்தார்கள். மாவுக்கட்டு போட்டிருப்பதைப் பக்கத்து நிலத்துத் தங்கராசு மாமாதான் சொன்னார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் மாடிக்கு ஏறிய அம்மாவிடம், "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லும்மா, விட்டு விட்டுக் கேக்குது" என்றவன் நான். சறுக்கி விழுந்தவரைத் தூக்கிக் கீழே இறக்கியவர் மாமா.

அவர் நிலத்தில் வரவிருந்த செல்போன் டவரை மூன்றாண்டுகளுக்கு முன் மனுப் போட்டு நிறுத்தியவனும் நானே. அவரோடிருந்த வரப்புத் தகராறின் கோபத்தில், "நீ வக்கீலுக்குப் படிச்சது இன்னாத்துக்குடா?" என்று கேட்டீர்கள். எனக்கே நம்பிக்கையில்லாத காரணங்களை அழகாக அடுக்கினேன். கேட்டது தாங்களாயினும், கையெழுத்து என்னுடையது.

கடையில் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்க வேண்டாம். அனுமதியின்றிப் பொருத்துவது குற்றம். பிராட்பேண்ட் இணைப்பெடுத்து, போனில் அந்த இணையம் வழியே பேசும் வைஃபை காலிங்கை இயக்கினால் அம்மா கட்டிலில் அமர்ந்தே பேசலாம். அம்மாவிடம் பேசாத ஞாயிற்றுக்கிழமைகள் இங்கே மிகவும் நீளம்.

அது நம் வீட்டுக்கு மட்டும். தெருவுக்கு டவர்தான் வேண்டும். ஆகவே என் ஆட்சேபணையை நிபந்தனையின்றித் திரும்பப் பெறுகிறேன். இக்கடிதத்தை மாமாவிடம் தாங்களே நேரில் கொடுக்கவும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

ஒப்பம்: த. அரிகரன்

சாட்சிகள் (அம்மா விழுந்த சத்தம் போனில் கேட்டபோது அருகிலிருந்த அறைத் தோழர்கள்):
1. விமல்
2. தேவேந்திரன்