நல்குரவு

அண்ணனுக்கு,

நீ முதலாளியிடம் பொய் சொல்லியிருக்கிறாய். 'நல்லுறவு' என்று தட்டச்சு செய்ய வேண்டியதை நான் கைதவறி 'நல்குரவு' என்று அடித்துவிட்டேனாம். என் கை தவறவே இல்லை.

முதலாளி தன் ஆண்டுவிழா உரையை என்னை எழுதச் சொன்னபோது, "கனமா ஒரு வார்த்தை போடும்மா, கூட்டம் அசரணும்" என்றார். போட்டேன். "நம் தொழிலாளர்களின் நல்குரவுக்கு நானே காரணம்" என்று நெஞ்சை நிமிர்த்தி வாசித்தார். நல்ல உறவு என்று நினைத்துவிட்டார், பாவம். தையல் பிரிவில் ஒருத்தி போனில் பொருள் தேடிவிட்டு, "வறுமைன்னு போட்டிருக்குடி! மனுஷன் நெஜத்த ஒத்துக்கிறாரு, கைதட்டுங்கடி!" என்றாள். கூடமே அதிர்ந்தது. மேலாளர் நாற்காலியில் இருந்த நீயும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாய். நான் பார்த்தேன்.

கைப்பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் என் வேலை தப்பும் என்கிறாய். தப்ப வேண்டாம். வேலை போனால் அந்தச் சொல்லை வைத்து இன்னொரு வாக்கியம் எழுதிக்கொள்கிறேன், என்னைப் பற்றி.

கூலியை ஏற்றாமல் புதுக் கார் வாங்கியவரின் வாயில் அதைவிடப் பொருத்தமான சொல் வராது. நாளை என் மீதான விசாரணையில் எல்லார் முன்னாலும் நீயே எழுந்து சொல்: அந்த வாக்கியத்தில் எது பிழை?

உன் தங்கை