சாமிக்கு வைத்த பத்திரிகை

ஆனைக்குட்டம்,
ஆவணி 22.

தம்பி முனியராஜுக்கு, உன் அக்காள் வெள்ளைத்தாய் எழுதுவது.

நீ சென்னையில் சுகமாகத்தான் இருப்பாய். நேற்றுகூட டி.வி.யில் பார்த்தேன், முகம் தெளிச்சியாக இருந்தது. இங்கே நாங்கள் சுகமில்லை. போன் போட்டால் உன் பி.ஏ. எடுத்து, "எம்.எல்.ஏ. மீட்டிங்ல இருக்காக, பெறகு பேசுங்கக்கா" என்கிறான். ஒன்பது நாளாக அதே மீட்டிங். அதனால்தான் ரிஜிஸ்தர் தபால். இதையாவது நீயே பிரித்துப் படி.

காளிராஜை முந்தாநாள் ஜெயிலில் பார்த்தேன். வலது கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. "மாமா எப்ப வருவாக?" என்று ஒரே கேள்வியைத்தான் கேட்டான். நீ டி.வி.யில் பேசியதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பட்டாசு ஆலை வெடித்துச் செத்த மாரிசெல்வி வீட்டு வாசலில் மலர்வளையம் வைத்துவிட்டு மைக்கில் என்ன சொன்னாய்? "ஆலை யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. தப்பு செஞ்ச போர்மேன் யாரா இருந்தாலும் விடமாட்டோம்." யாரோ ஒரு போர்மேனா அவன்? உன் மடியில் உட்கார வைத்துக் காது குத்திய பிள்ளையடா. தாய்மாமன் நீ. நாக்கு கூசவில்லையா?

ஊர் உனக்கு எதைப் பார்த்து முதல் ஓட்டுப் போட்டது, ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷம் ஓடைக்கு அந்தப் பக்கம் வேறொருவர் ஆலை வெடித்தபோது, எல்லோருக்கும் முன்னால் ஓடியவன் நீ. கருகிக் கிடந்தவர்களை உன் வேட்டியை அவிழ்த்துச் சுற்றி லோடு வண்டியில் ஏற்றினாய். டவுசரோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதாய். பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் வார்டு மெம்பரானாய். பிறகு தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், எம்.எல்.ஏ. ஏற ஏற வேட்டி வெளுத்தது, மனசு கருத்துவிட்டது.

என் மேலும் குற்றம் உண்டு. லைசென்ஸ் வேறொருவர் பெயரில் இருக்கிறது, குத்தகைக்கு எடுத்து நடத்துவது நீ, எழுத்தில் எதுவும் கிடையாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், என் மகன் பரீட்சை எழுதிப் போர்மேன் சர்ட்டிபிகேட் வாங்கியிருக்கிறான், அவன் பெயரை வாசல் போர்டில் எழுது என்று உன்னிடம் கெஞ்சியது நான்தான். எழுதிய அன்று அந்தப் போர்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். லைசென்ஸ்காரர் ஓடிவிட்டார். போலீசுக்கு அந்தப் போர்டில் இருந்த ஒரு பெயர் போதுமானதாகிவிட்டது.

காளிராஜ் ஒன்றும் தெரியாத பிள்ளை என்று நான் சொல்லவில்லை. அறைக்கு நாலு பேர் என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. அன்றைக்கு உள்ளே ஒன்பது பேர். முந்தின நாள் என் எதிரில்தான் உனக்குப் போன் போட்டு, இத்தனை பேரை உட்கார வைக்கப் பயமாக இருக்கிறது என்றான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது, நீ என்ன சொன்னாய்? "ஏலே, சீசன்ல சட்டம் பேசாத. ஆர்டர் அம்புட்டும் நிக்குது. உக்கார வைலே" என்றாய். அவன் உட்கார வைத்தான். வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். மாரிசெல்வியோடு சேர்த்து ஐந்து பேர் போய்விட்டார்கள். அவள் மகள் தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பத்தான் செய்வாள். என் மகனுக்கு வர வேண்டிய தண்டனை வரட்டும். உன்னுடையதையும் சேர்த்து அவன் சுமக்க விடமாட்டேன்.

எந்தக் காகிதத்திலும் உன் பெயர் இல்லை என்று தைரியமாக இருக்கிறாய். ஆலைக்குப் பூஜை போட்டபோது நீ கவுன்சிலர். பெயர் போடாமல் உனக்குச் சோறு இறங்குமா? சிவகாசியில் பளபளவென்று பத்திரிகை அடித்தாய். "எமது பட்டாசு ஆலைத் திறப்பு விழா" என்று போட்டு, மேலே உன் போட்டோ, கீழே உன் பெயர். கட்சியில் சீட்டுக் கேட்டபோது மிச்சம் இருந்த கட்டுகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாய். முதல் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி நம் குலதெய்வத்தின் காலடியில் வைத்தோமே, அதை மறந்துவிட்டாய். திருநீற்றோடு அதை நான்தான் எடுத்துவந்தேன். என் பூஜை அலமாரியில் இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சூலக்கரை கலெக்டர் ஆபீசில் விசாரணை. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நீயாக வந்து, ஆலை என்னுடையது, ஆளை உட்கார வைக்கச் சொன்னது நான் என்று சொல்லிவிடு. சொன்னால் பத்திரிகை சாமியிடமே இருக்கும். வராவிட்டால் மஞ்சளோடு கொண்டுபோய் மேசைமேல் வைப்பேன். அப்புறம் அக்காள் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியாதே.

நீ முதல்முதலாக ஜெயித்து வந்த அன்று வாசலில் நிறுத்தித் திருஷ்டி சுற்றிய கைதான் இதை எழுதுகிறது. நல்லா இரு என்று வாழ்த்தித்தான் உனக்கு எப்போதும் முடிப்பேன். இன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்துவிடு, தம்பி. அங்கே வைத்து, எல்லோர் முன்னாலும், வாய் நிறையச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காள்,
காளிராஜைப் பெற்றவள்,
வெள்ளைத்தாய்.