அப்பாவின் முட்டியில் இருந்த இரும்பு

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன்னால் வர முடியாமல் போனதற்கு இங்கே யாரும் குறை சொல்லவில்லை. அதை நினைத்து மருகாதே.

அப்பாவை மின்மயானத்தில் எரித்ததைச் சொன்னேன். ஒன்றைச் சொல்லவில்லை. மறுநாள் சாம்பல் வாங்கப் போனபோது அங்கே வேலை செய்பவர், "உடம்புல இரும்பு எதாவது வச்சிருந்தாங்களாம்மா? அது எரியாது, தனியா எடுத்துக் குடுத்துடுவோம்" என்று கேட்டார். தம்பி ஊரில் முட்டி மாற்றி இரும்பு வைத்தார்கள் என்றேன். மறுபடி சலித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

அன்று பக்கத்து அடுப்பில் இன்னொருவரும் எரிந்திருக்கிறார். சாம்பல் மாறியிருக்குமோ என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒரு நாட்டுல எலும்பைக் குச்சியால பொறுக்குறாங்க, ஒரு நாட்டுல அரைச்சுப் பொடியாக்குறாங்க. ஆளை மாத்திக் குடுக்குற வழக்கம் எங்கயும் இல்லம்மா" என்றார். சாம்பல் பானையை வாங்கி வந்தேன்.

இப்போது அது ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. யாருடையதாக இருந்தால் என்ன, கும்பிட்டுக் கடலில் கரைத்துவிடு என்கிறார் உன் அத்தான். அவரிடம் நான் பேசுவதில்லை.

ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். உன் ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகும் அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினார். தழும்பைக் காட்டச் சொன்னால், "என் கால் என்ன கண்காட்சியா?" என்று போர்வையை இழுத்துக்கொள்வார். ஊசியைப் பார்த்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிற மனிதர். ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பி, அக்காவிடம் சொல்லிவிடாதே என்று உன்னைக் கெஞ்சினாரா?

போனில் கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் மேல் எனக்குக் கோபமே வராது, சத்தியம். நிஜமாகவே முட்டி மாற்றியிருந்தால் இந்தச் சாம்பல் வேறு யாருடையதோ, அப்பாவை நான் யார் வீட்டில் போய்த் தேடுவேன்? காலையில் பானையைப் பார்த்து 'அப்பா' என்று வாயெடுக்கிறேன், பாதியில் நின்றுவிடுகிறது.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை ஏமாற்றினோம் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு, ராசா.

நீ பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
உன் அக்கா