ஒரு சுற்று முந்திய ஆமென்

மாஸ்டர்,

இன்று காலை அலமாரியைத் திறந்ததும் ரோசின் வாசம் அடித்தது. மரப்பிசினும் பழைய கம்பளியும் கலந்த அதே வாசம். பழுப்பு ஸ்வெட்டரின் பையில் கையை விட்டால் அரைக்கட்டி ரோசின் நூலோடு நூலாக ஒட்டிக் கிடக்கிறது. வில்லில் தேய்க்கிற இந்தக் கட்டி சென்னை வெயிலில் உருகி வழியும், குன்னூர் குளிரில் கல்லாகிவிடும், அதனால் ஸ்வெட்டர் பையில் வைத்துச் சூடு காட்டுங்கள் என்று சொன்னவர் நீங்கள்தான். சொன்னபடி செய்தேன், ஸ்வெட்டர் போயிற்று. துவைத்தும் பயனில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. உங்களை நன்றாக நாலு வார்த்தை திட்டலாம் என்று பேனாவோடு உட்கார்ந்தேன். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. திட்டினால் பதில் சொல்ல ஆள் இல்லை.

உங்களைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள் நான். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். நம் சர்ச் பாட்டுக் குழுவான கொயரில் பல வருடம் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடினேன். தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குரல் உடைந்துவிட்டது. ஆராதனையில் எல்லோரும் பாடும்போது கடைசி பெஞ்சில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பக்கத்தைக்கூடத் திருப்ப மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் மறித்துக்கொண்டீர்கள். "ஏனுங்க டீச்சர், உங்க கொரல் எறங்குன எடத்துல ஒண்ணு நின்னுட்டு இருக்குதுங்க. வந்து பாருங்க." சர்ச்சின் பக்கவாட்டு அறையில் அது நின்றது. என்னைவிட உயரமான டபுள் பேஸ். வயலினைப் பெரிதாக்கிக்கொண்டே போய் நிறுத்த மறந்துவிட்டார்கள் போல என்றேன். சிரித்துவிட்டு, வில்லை என் கையில் கொடுத்து, தடித்த கம்பியில் ஒரே ஒரு இழுப்பு இழுக்க வைத்தீர்கள். அந்தச் சத்தம் காதில் கேட்பதற்கு முன் வயிற்றில் கேட்டது. அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். ஏன் என்று என் கணவரிடம் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். சென்னைக்குப் போனது கிட்டார் வாசிக்க. ஸ்டுடியோ வாசலில் கிட்டாரோடு ஒரு கூட்டமே நின்றதாம், பேஸ் வாசிக்க ஆள் இல்லையாம். "நின்னுட்டே வாசிக்கோணும், ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான், ஆனா சோறு போடும்னாங்க. கெட்டியாப் புடிச்சுக்கிட்டனுங்க" என்பீர்கள். காலையில் ஒரு கால்ஷீட், மதியம் வேறொரு ஸ்டுடியோவில் இன்னொன்று. எந்தப் படத்துக்கு வாசிக்கிறோம் என்பதே பல நாள் தெரியாது. பிறகு கீபோர்டில் ஒரு விரலை வைத்தாலே பேஸ் கேட்கிற காலம் வந்தது, அழைப்புகள் குறைந்தன. சில வருடம் சொகுசுக் கப்பலில் நடனக் குழுவோடு வாசித்தீர்கள். கடைசியில் முதுகு வலியோடும் இரண்டு பேஸோடும் ஊர் திரும்பினீர்கள். மேட்டுப்பாளையத்தில் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் ஏற்றி, மலைப்பாதையில் பர்லியார் தாண்டும் வரை பின்னால் நின்று அவற்றை அணைத்துக்கொண்டே வந்த கதையைச் சொல்லும்போது மட்டும் உங்களுக்கு உங்கள்மேலேயே ஒரு பெருமை இருக்கும்.

ஒருமுறை ஊட்டி பஸ்ஸில் பழைய பாட்டு ஒன்று ஓடியது. என் தோளைத் தட்டி, "கேளுங்க டீச்சர், கீழ போற பேஸ் நான்தான்" என்றீர்கள். அந்த ஓட்டை ஸ்பீக்கரில் பாடகியின் குரலே சரியாகக் கேட்கவில்லை. கேட்கிறது மாஸ்டர், பிரமாதம் என்று தலையாட்டினேன். நான் பொய் சொன்னது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கேத்தி வரும் வரை விரலால் சீட்டுக் கம்பியில் வாசித்துக்கொண்டே வந்தீர்கள்.

சொல்லிக்கொடுக்கும்போது ஒரு தடவைகூட நீங்கள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நாற்பது வருடம் பிள்ளைகளை அதட்டிய எனக்கு அது பெரிய ஆச்சரியம். விரல் நுனியில் கொப்புளம் வந்தால், "வரட்டுங்க, அது வந்துட்டுப் போயிரும்" என்பீர்கள். வாசிப்பதைவிட வாசிக்காமல் நிற்பதைத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தீர்கள். மற்றவர்கள் பாடும்போது பேஸ் வாசிப்பவர் சும்மா நிற்க வேண்டிய இடங்கள் நிறைய உண்டு. அப்போது மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். "கணக்கு டீச்சருக்கு நாலு வரைக்கும் எண்ணச் சொல்லித் தர்றேன், எங்கம்மா கேட்டா நம்பாது" என்று ஒவ்வொரு வகுப்பிலும் கிண்டல் செய்வீர்கள்.

அந்த ஈஸ்டர் மாலைக்கு வருகிறேன். வராமல் முடியாது.

ஊட்டியில் பல சர்ச்சுகளின் கொயர்கள் சேர்ந்து பாடிய நிகழ்ச்சி. நடத்துவதற்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் ஆரம்பிக்கப்போகிற இசைக் கல்லூரிக்கு டபுள் பேஸ் ஆசிரியர் தேவை. அன்றைக்கு உங்கள் வாசிப்பைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக எழுதியிருந்தார். நிரந்தரமான மாதச் சம்பளம் என்பதை வாழ்நாளில் வாங்கிப் பார்க்காதவர் நீங்கள். உங்கள் மனைவி அதற்காக எல்லோரும் வேண்டிக்கொள்ளும்படி ஜெபக் கூட்டத்தில் குறிப்பே கொடுத்திருந்தார். அப்படிப்பட்ட நாளில், வகுப்பில் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகாத என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டீர்கள். வேண்டாம் மாஸ்டர் என்றேன். "ரெண்டு பேஸ் இருந்தாத்தான் டீச்சர் அடி கனமா இருக்கும்" என்று முடித்துவிட்டீர்கள்.

கடைசிப் பாட்டின் நடுவில் கொயர் ஒரு நீண்ட ஆமெனை நான்கு சுற்று இழுத்துப் பிடிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு எண்ணிக்கை. வேறெந்த வாத்தியமும் கிடையாது. நான்கு சுற்றும் முடிந்ததும் நாம் இருவரும் நுழைய வேண்டும். நாம் நுழைந்தால்தான் கொயர் அடுத்த வரிக்கு நகரும். ஒத்திகையில் நூறு முறை சரியாக வந்தது. அன்று சர்ச் நிறைந்த கூட்டத்தைப் பார்த்தேனோ, உங்கள் மனைவியைப் பார்த்தேனோ, மூன்றாம் சுற்று முடிந்ததுமே என் வில் இறங்கிவிட்டது. அவ்வளவு பெரிய சத்தம், தன்னந்தனியாக.

அரை நொடிகூட இல்லை, உங்கள் வில்லும் இறங்கியது. என்னோடு. அதே தப்பான இடத்தில், என்னைவிட உரக்க, கொஞ்சமும் தயங்காமல். கொயர் நம் இருவரையும் கேட்டு அடுத்த வரிக்கு வந்துவிட்டது. பாட்டு எங்கும் நிற்கவில்லை, கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. சென்னைக்காரருக்கு மட்டும் தெரிந்தது. அவர் கண் என்மேல் வரவில்லை, உங்கள்மேல்தான் போனது.

பிறகு ஹாலில் டீ குடிக்கும்போது நேராக உங்களிடம் வந்தார். "இத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு, ஒரு நாலு எண்ண முடியலையா?"

"கவனம் செதறிப் போச்சுங்க சார்" என்றீர்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், முந்தி வந்தது நான். இவர் எனக்காகத்தான் வந்தார்" என்று கூட்டத்துக்கு நடுவிலேயே சொன்னேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "உங்க ஸ்டூடண்ட் உங்களை விட்டுக்கொடுக்க மாட்டேங்கறாங்க, குடுத்து வெச்சவர் நீங்க" என்று உங்களிடம் சொல்லிவிட்டு நகர்ந்துபோனார். உண்மையைச் சொல்லி நம்பவைக்க முடியாமல் போனது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

திரும்பும்போது வாடகை ஜீப்பில் உங்களைப் பிடித்து உலுக்கினேன். "என்னத்துக்குங்க அப்படிப் பண்ணுனீங்க? நான் தப்பா வந்தா வந்துட்டுப் போறேன். நீங்க சரியான எடத்துல வந்திருந்தா அந்த வேலை உங்களுக்குத்தானே?"

நீங்கள் பேஸின் கழுத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னீர்கள். "நீங்க உள்ள வந்துட்டீங்க டீச்சர். இனி வெளிய போக முடியாதில்லீங்க. நான் தள்ளி நின்னா பாடறவங்க பாதிப் பேரு உங்க பின்னால வருவாங்க, பாதிப் பேரு எனக்காக நிப்பாங்க. பாட்டு கிழிஞ்சுரும். ரெண்டு பேரும் சேந்து எறங்குனா, எறங்குனதுதானுங்க எடம்." அதற்கு மேல் நான் ஏதோ கேட்க வாயைத் திறந்தேன். "பசிக்குதுங்க, எங்காவது பன்னு வாங்கித் தாங்க" என்று பேச்சை முடித்துவிட்டீர்கள்.

அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. உங்கள் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அதில் நியாயம் இருந்தது. நீங்கள் பக்கவாட்டு அறையிலேயே இருந்துவிட்டீர்கள். கிட்டார் வகுப்பு வயிற்றைக் கழுவியது, பேஸ் வகுப்பு உங்களைச் சந்தோஷமாக வைத்திருந்தது. உங்களிடம் படித்த ஒரு பையன் இப்போது கப்பலில் வாசிக்கிறான், ஒருத்தி பெங்களூரில் மேடை மேடையாக ஏறுகிறாள். நீங்கள் சென்னைக்குப் போயிருந்தால் இவர்கள் கையில் வில்லே வந்திருக்காது. நானும் வாசிப்பை விட்டிருப்பேன். இதையெல்லாம் நினைக்கும்போது ஒரு பக்கம் சந்தோஷமாகவும் மறுபக்கம் வலியாகவும் இருக்கிறது. வில் பிடிக்கத் தெரிந்தவர்கள் பல பேர் இருக்கலாம் மாஸ்டர். தன் பிழைப்பு போகும் என்று தெரிந்தே, அந்த அரை நொடிக்குள் இன்னொருவரின் தப்புக்குள் இறங்கி நின்ற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் பேஸ் என்னிடம் இருக்கிறது. உங்கள் மனைவியே ஜீப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொன்றைக் கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு நர்ஸ் பெண் வாசிக்கிறாள். அடுத்த வாரம் ஈஸ்டர். அதே பாட்டு, அதே நீண்ட ஆமென். நேற்று ஒத்திகையில் அவள் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், நான் ஒரு சுற்று முந்தி வந்துட்டா என்னங்க பண்றது?"

எண்ணிப் பழகு, கவனமாக இரு என்று நாற்பது வருடம் சொன்ன வாய் இது. அதையேதான் சொல்லப்போகிறது என்று நானே நினைத்தேன்.

"வந்துரு கண்ணு" என்றேன். "நானும் வந்தர்றேன்."